காபிக்குப் பிறகு தண்ணீர் கிடையாது

சாயங்காலக் காபி முடிந்ததும் கலைச்செல்வி பெண்கள் அறையில் கட்டில் கட்டிலாகப் போய்த் தண்ணீர் பாட்டில்களை எடுத்துக் கூடையில் போட்டாள். அந்த முதியோர் இல்லத்தில் அது சட்டம். விடியும்வரை யாருக்கும் தண்ணீர் கிடையாது. குடித்தால் படுக்கை நனையும். இரவில் துணி மாற்ற அவள் ஒருத்திதான்.

முப்பிடாதி மட்டும் பாட்டிலை விடவில்லை. மாஞ்சோலையில் தேயிலை பறித்த கை. பிடி இன்னும் தளரவில்லை. மூத்திரத்தில் கிருமி, காய்ச்சல், பிதற்றல் என்று மறுபடி மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய், அன்று மத்தியானம்தான் திரும்பியிருந்தாள்.

"விடுங்க ஆச்சி. மேனேஜர் ஏசுவாரு."

"டாக்டரம்மா என்ன சொன்னாவ? தண்ணி குடிக்கலைன்னா திரும்ப ஆஸ்பத்திரியிலதான் வந்து கிடப்பேன்னு சொன்னாவளா இல்லியா? நீயும் கேட்டுக்கிட்டுத்தானே நின்ன?"

கலைச்செல்வி கூடையைக் கீழே வைத்தாள். எடுத்த பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தாள்.

கேமராவில் பார்த்துவிட்டு மேனேஜர் பேச்சிராஜ் வந்தார்.

"என்ன செய்யுத? ராத்திரி பூரா நனைச்சு வச்சா யாரு மாத்துவா?"

"நான்தான் மாத்துவேன். கூட ஒரு ஆளைப் போடுங்கன்னு எத்தனை தடவ சார் கேக்கது?"

"ஆளு என்ன மரத்துலயா காய்க்குது?"

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவ மட்டும் எங்கனருந்து வருது?"

முப்பிடாதி தலையைத் தூக்கினாள். "எஸ்டேட்டுல மழையில நனைஞ்சுக்கிட்டே கொழுந்து பறிச்சோம். நாங்க நனைஞ்சத யாரும் கேக்கல. உம்ம மெத்தை நனைஞ்சாத்தான் நோவுதோ வே?"

பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி சிரித்தாள். பேச்சிராஜின் முகம் சிவந்தது. கலைச்செல்வியைப் பார்த்தார்.

"நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

"நாளைக்குத்தானே சார்? இன்னைக்கு ராத்திரி வேலை எனக்குத்தான்."

அன்று இரவு கேட்டவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தாள். விரிப்புகள் நனைந்தன. மாற்றினாள். மாற்றியவையும் நனைந்தன. விடியும்போது அவளுக்கு இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. முப்பிடாதிக்குக் காய்ச்சல் இல்லை. காபி எங்கே என்று அதட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் பார்க்க வரும் நாள். துவைத்த விரிப்புகளைக் கலைச்செல்வி பின்பக்கக் கொடியில் போடவில்லை. வாசல் கம்பிவேலி நெடுக, பெயர்ப்பலகையும் மறையும்படி விரித்தாள். கட்டில்தோறும் பாட்டிலை நிரப்பி வைத்தாள்.

பேச்சிராஜ் ஓடிவந்தார். "ஏ பிள்ளே, எடு அதை. ஆளுக வார நேரம்."

"எனக்குத்தான் வேலை இல்லைன்னுட்டீங்கல்லா. நீங்களே எடுங்க சார்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஞாயிறு பகலும் அவள் முறைதான். வேறு ஆள் கிடையாது.

பேச்சிராஜ் ஈர விரிப்பு ஒன்றை இழுத்தார். அது பாதி அவர் சட்டையில் விழுந்தது. உள்ளேயிருந்து முப்பிடாதியின் குரல் வந்தது.

"யய்யா, துணி நனைஞ்சிட்டு. வந்து மாத்தும்."

பிறகு அடுத்த கட்டில். அதற்கடுத்த கட்டில். சாலையில் முதல் கார் வேகம் குறைந்து வாசல் பக்கம் திரும்பியது. வேலி நெடுக விரிப்புகள் சொட்டிக்கொண்டிருந்தன.