ஒரு நாளாவது

அடிபம்பை விடாமல் அடித்தாள் கீதாஞ்சலி. ஆறிப்போன டீயைப் போலத் தண்ணீர் வந்தது. புளித்த கரும்புப் பாகின் நாற்றம். குடத்தைக் கவிழ்த்துவிட்டு மறுபடியும் அடித்தாள். அதே நிறம்தான். வாசலில் அப்பா ராஜமாணிக்கத்தைப் பெஞ்சில் கிடத்திக் குளிப்பாட்டக் காத்திருந்தார்கள். விடியற்காலையில் திருவண்ணாமலை பெரியாஸ்பத்திரியில், மார்வலியில் போய்விட்டார்.

"உடு கீதா. ஆலைக்குச் சொல்லி அனுப்பிட்டேன். டேங்கர் வந்துரும்" என்றார் சித்தப்பா பலராமன்.

அப்பாவும் அந்தச் சர்க்கரை ஆலையில் பிட்டராக இருந்தவர்தான். நிலம் வாங்கும்போது ஆலைக்காரர்கள், கழிவுநீரைச் சுத்தம் செய்துதான் ஏரியில் விடுவோம் என்று ஊரைக் கூட்டி வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஏரி கறுத்ததும் அந்த வாக்கைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். வேலை போனது. கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். கடைசியில் சுத்திகரிப்பு மெஷின் வந்தது. அதிகாரிகள் பார்க்க வரும்போது மட்டும் ஓடியது. தினமும் ஓட்டுங்கள் என்று ஆலை வாசலில் போய் நின்றார். "எங்க சோத்துல மண்ணள்ளிப் போடாத" என்று கூட வேலை பார்த்தவர்களே பேச்சை நிறுத்தினார்கள். ஊருக்கு ஆலை அனுப்பிய டேங்கர் தண்ணீரை அவர் தொடவில்லை. கீழ்பென்னாத்தூர் வரை சைக்கிள் மிதித்துக் குடத்தில் தண்ணீர் பிடித்துக் கட்டிக்கொண்டு வருவார்.

டேங்கரிலிருந்து அர்ஜுனன் இறங்கினார். அப்பாவோடு ஒரே ஷிப்டில் இருந்தவர். கையில் ஆலை கொடுத்தனுப்பிய மலர்வளையம்.

"மாமா, அந்த மெஷினு இன்னிக்கு ஓடுதா?" என்றாள் கீதாஞ்சலி.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கரண்டு செலவு ஜாஸ்தின்றாங்கம்மா."

"அவரு செத்த அன்னிக்காவது, ஒரு நாளு ஓட்டக்கூடாதா?"

மலர்வளையத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அர்ஜுனன் நின்றார்.

"போதும்மா" என்றார் சித்தப்பா. "இனிமே அதக் கேக்க யாரு இருக்காங்க? என் பசங்க ரெண்டு பேரும் அங்கதான் வேலை செய்றானுங்க."

"நான் இருக்கறேன் சித்தப்பா."

அம்மா மணியம்மாள் எழுந்து வந்து குடத்தை அவள் கையில் திணித்தாள்.

"புடிச்சிக்கினு வாடி. அந்த நாத்தத்தோட உங்கப்பாவ அனுப்ப மாட்டேன்."

கீதாஞ்சலி டேங்கரில் பிடித்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. அப்பாவின் நெற்றியில் அது வழிந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாவென்றதும் பேசாதவர்களெல்லாம் வந்திருந்தார்கள். மதியத்துக்கு மேல் எடுத்தார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். பாடை ஏரிக்கரையில் ஏறும்போது, ஆலையில் அடுத்த ஷிப்டுக்கான சங்கு ஊதியது. முன்னால் தோள் கொடுத்திருந்த ஆலைத் தொழிலாளிகள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு எல்லோருமே நடையை எட்டிப் போட்டார்கள்.