சீர்வரிசையில் ஒரு சிந்தசைசர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷனில். மேடையில் மெல்லிசைக் குழு. கீபோர்டு வாசித்த பெண்ணின் வலது கை நாதஸ்வரம்போல ஓர் இழுப்பை வாசிக்க, இடது கை ஒரு சின்னச் சக்கரத்தைத் தள்ளித் தள்ளி அதை வளைத்துக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் பெட்டி ஓரமாக ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்தபடி நின்றான். பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் யாரென்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணைக் கட்டிக்கப் போறவரு. எங்க கச்சேரின்னாலும் கூடவே வந்துடறாரு" என்றாள்.

அவள் குரலில் இருந்தது மெச்சுதலா, எச்சரிக்கையா என்று தெரியாமலே நான் சாப்பிடப் போய்விட்டேன். அந்த இருவரைப் பற்றி எனக்கு வேறு எதுவும் தெரியாது. இனி வரும் பெயர்கள், வீடுகள், பேச்சுகள் எல்லாம் நான் உண்டாக்கியவை.

2

முதல் தொடக்கம்: "அனுப்பிரியாவின் கொலுசுச் சத்தம் கேட்டதும் ஸ்ரீதரின் நெஞ்சு —"

வேண்டாம். அவள் கொலுசு போடுவதில்லை. மேடையில் அதையும் மைக் பிடித்துவிடும்.

இரண்டாவது தொடக்கம்: "அனலாக் சிந்தசைசர் என்பது யாதெனில் —"

இதுவும் வேண்டாம், பாடப்புத்தகம்போல இருக்கிறது. ஆனாலும் கொஞ்சம் பாடம் இல்லாமல் கதை நகராது, பொறுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கீபோர்டில் பெரும்பாலும் ஏற்கெனவே பதிவு செய்த ஒலிகள் இருக்கும். அனலாக் சிந்தசைசரிலோ உள்ளே ஓடும் மின்சாரமே அந்த நேரத்தில் ஒலியாகிறது. குமிழ்களைத் திருகி அதைக் கரகரப்பாக்கலாம், மழுக்கலாம், ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கவிடலாம். பாட்டின் நடுவே புல்லாங்குழலோ நாதஸ்வரமோ தனியாக எழும்பி வருமே, அந்த இடத்தைக் குழுக்காரர்கள் 'லீட்' என்பார்கள். அனுப்பிரியா லீட் வாசிப்பவள். ஒரே கருவியில் குழலும் வேண்டும், நாயனமும் வேண்டும், சமயத்தில் விசிலும் வேண்டும் அவளுக்கு.

மூன்றாவது தொடக்கம்:

அனுப்பிரியா கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் பாட்டு டீச்சர். சனி, ஞாயிறுகளில் மெல்லிசைக் குழு. சிதம்பரம் ஸ்ரீதருக்கு அவளை நிச்சயம் செய்தபோது அப்பாவிடம் ஒன்றுதான் கேட்டாள். சீரில் டிரெஸ்ஸிங் டேபிள் வேண்டாம், அதற்குப் பதிலாக ஒரு நல்ல அனலாக் சிந்தசைசர் வேண்டும்.

இது இருக்கட்டும்.

3

ஸ்ரீதருக்குப் புவனகிரியில் உரக்கடை. இசை தெரியாது. ஆனால் அனுப்பிரியா சிந்தசைசர் என்று சொன்ன நாளிலிருந்து கடையில் உட்கார்ந்தபடியே வீடியோ வீடியோவாகப் பார்த்தான். சிதம்பரத்தில் பக்திப் பாட்டு பதிவு செய்யும் ராஜமாணிக்கம் தன் ஸ்டுடியோவிலிருந்து இரண்டு கருவிகளை விற்கப்போகிறார் என்று துப்புத் துலக்கியவனும் அவனே.

ஒன்று பெரியது. இருபுறமும் தேக்குப் பலகை, விரலால் அமுக்கும் கட்டைகளின் நீளமான வரிசை, கண்டுபிடித்த ஒலிகளைச் சேமித்து வைக்கும் பட்டன்கள். இன்னொன்று சின்னது, தோளில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு ஞாபகமே கிடையாது. ஒவ்வொரு பாட்டுக்கும் குமிழ்களைத் திருகி ஒலியைப் புதிதாகத் தேட வேண்டும்.

பெரியதுதான் என்று ஸ்ரீதர் முடிவு செய்துவிட்டான். போனில் அவன் சொன்ன காரணங்கள் எல்லாம் நியாயமாகவே இருந்தன. அதுதான் அனுப்பிரியாவுக்கு உறுத்தியது. சாயங்காலம் ஒரு படம் அனுப்பினான். அவன் வீட்டுக் கூடத்தில் சோபாவை நகர்த்தி, ஒரு சுவரைக் காலி செய்திருந்தார்கள். 'இங்க வச்சா அம்சமா இருக்கும்' என்று கீழே எழுதியிருந்தான்.

மறுநாள் அவன் அம்மா ஞானாம்பாள் பேசினாள். மண்டபத்தில் சீரைப் பரப்பி வைக்கும்போது கட்டில், பீரோவுக்குப் பக்கத்தில் பெரியதாக இருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "சீரா வந்த பொருளு வீட்டோட இருக்கட்டும்மா. ஊர் ஊரா தூக்கிக்கிட்டுத் திரிஞ்சா கீறல் உழுந்துடும்" என்றாள்.

அன்று ராத்திரி அனுப்பிரியா ஸ்ரீதரிடம் நேராகவே கேட்டுவிட்டாள், கல்யாணத்துக்குப் பிறகு கச்சேரிக்குப் போகலாமா என்று.

"வாசி. யாரு வேணாம்னா?"*

குழுவில் ரிதம் பேடு வாசிக்கும் கொளஞ்சி அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னாள். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தார்.

"அந்தப் பெட்டியத் தூக்க ரெண்டு ஆளு வேணும் பாப்பா. ஒரு ஆளு நீ. இன்னொரு ஆளுக்கு எப்பல்லாம் மனசு வரும்னு இப்பவே கேட்டு வச்சுக்க."

(* இந்த வாக்கியத்தை இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். இதைவிடத் தாராளமான பேச்சு உண்டா? ஆனால் இந்தப் பேச்சைக் கேட்ட பிறகு வீணையை உறையில் போட்டவர்கள், ஷட்டில் பேட்டைப் பரணில் ஏற்றியவர்கள் எத்தனை பேரை எனக்குத் தெரியும். அவர்களை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.)

4

இங்கே நான் நின்றுவிட்டேன். ஸ்ரீதர் எனக்குப் பிடிபடவில்லை.

என் குடும்ப நாவல்களைப் படிக்கிறவர்களுக்கு என் வழக்கம் தெரியும். கதாநாயகனைப் பாதிக் கதைவரை சந்தேகப்பட வைப்பேன். கடைசியில் அவன் எல்லாவற்றையும் அன்பினால்தான் செய்தான் என்று தெரியவரும். கதாநாயகி அழுவாள், அவன் துடைப்பான். அந்த வழியில் போனால் இந்தக் கதை பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். சுவரைக் காலி செய்தது அவள் தினமும் பழகத்தான், பெரியதைச் சொன்னது மேடையில் அவள் குமிழ்களோடு திண்டாடக் கூடாது என்றுதான்.

(ஸ்ரீதர் நல்லவன்.)

இதை அடைப்புக்குறிக்குள் எழுதிப் பார்த்தேன். அடைப்பை எடுக்கத் தைரியம் வரவில்லை.

அவன் கெட்டவன் என்று எழுதவும் என்னிடம் ஆதாரம் இல்லை. இருப்பதெல்லாம் ஒரு சுவர், ஒரு சிரிப்பு, 'யாரு வேணாம்னா' என்ற கேள்வி. அனுப்பிரியாவிடமும் அவ்வளவுதான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அவள் கழுத்தை நீட்ட வேண்டும். ஆகவே அவளைச் சிதம்பரத்துக்கு அனுப்புகிறேன்.

5

பஸ் ஸ்டாண்டில் வண்டியோடு காத்திருந்தான் ஸ்ரீதர். அவளுக்காக மோர் பாட்டில் வாங்கி வைத்திருந்தான். வேறொரு நாளாக இருந்தால் அது அவளுக்கு இனித்திருக்கும். இன்று, எதற்கு இவ்வளவு கவனிப்பு என்று தோன்றியது.

ராஜமாணிக்கத்தின் ஸ்டுடியோ மேலவீதிக்குப் பின்னால், ஒரு மாடியில் இருந்தது. இரண்டு கருவிகளுக்கும் சுவிட்சைப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பொறுக்கச் சொன்னார். உள்ளே சூடேறினால்தான் சுருதி நிற்குமாம்.

"பெரிசு சொன்ன பேச்சு கேக்கும்மா. சின்னது கேக்காது, ஆனா பாடும்" என்று சொல்லிவிட்டு டீ வாங்கக் கீழே போனார்.

அனுப்பிரியா பெரியதில் உட்கார்ந்தாள். பட்டனை அமுக்கியதும் நாயனம் வந்தது. அடுத்த பட்டனில் குழல், அதற்கடுத்ததில் விசில். எல்லாம் சுத்தம், எல்லாம் தயார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

சின்னதில் நாயனம் சுலபத்தில் வரவில்லை. ஒரு குமிழைத் திருகினால் தவில் வாரைப்போல விறைத்தது, இன்னொன்றைத் திருகினால் கொசுவானது. விடாமல் திருகினாள். திடீரென்று ஒலிக்குள் மூச்சு புகுந்தது. சுரத்திலிருந்து சுரத்துக்கு அது வழுக்கி ஏறிய இடத்தில் அவள் தோள்பட்டையே சிலிர்த்தது.

(ஸ்ரீதர் கண்களை மூடி ரசித்தான் என்று எழுதி, அடித்துவிட்டேன். அவனைக் காப்பாற்றும் என் கை அது.)

திரும்பிப் பார்த்தாள். ஸ்ரீதர் பெரியதன் பக்கத்தில் குனிந்து அதன் நீளத்தைச் சாண் வைத்து அளந்துகொண்டிருந்தான்.

"எதுக்கு மாமா அளக்குறீங்க?"

"சும்மாதான்."

"செவுத்துக்கா?"

அவன் சாண் வைத்த கையை எடுத்தான். நிமிர்ந்து, "சின்னதுல மேடையில திருகிக்கிட்டே நிப்பியா அனு? அதுக்குள்ள பாட்டு ஆரம்பிச்சுடும்" என்றான்.

"கொளஞ்சி அண்ணன் ரெண்டு சுத்து ஜாஸ்தியா வாசிப்பாரு. அதுக்குள்ள நான் புடிச்சுடுவேன்." அவள் பெரியதைக் காட்டினாள். "இத வாங்குனா யாரு தூக்குவா?"

"நான் தூக்குறேன்."

யோசிக்காமல் சொன்னான். முகம் மலர்ந்துதான் இருந்தது. ஒவ்வொரு கச்சேரிக்கும் வருவேன் என்றும் அதைக் கேட்கலாம். நான் வரும் கச்சேரிக்குத்தான் நீ போவாய் என்றும் கேட்கலாம். அனுப்பிரியாவுக்கு இரண்டும் ஒரே சமயத்தில் கேட்டன.

"நீங்க வர முடியாத அன்னைக்கு மாமா?"

6

அவன் பதிலாக மூன்று எழுதினேன்.

அ) "அன்னைக்கு ரெண்டு ஆளு வச்சு அனுப்புறேன், நீ போய்ட்டு வா." — இதை எழுதியதும் எனக்கே அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அதனாலேயே நம்பவில்லை.

ஆ) "அன்னைக்கு ஒரு நாளு போவலன்னாதான் என்ன?" — இதில் அவன் ரொம்பச் சுலபமாக மாட்டிக்கொள்கிறான். நிஜத்தில் இவ்வளவு வெளிப்படையாகப் பேசி யாரும் நமக்கு உதவி செய்வதில்லை.

இ) "நான் ஏன் வராம இருக்கப் போறேன்?" — மூன்றில் இதுதான் அவன் வாயில் பொருந்துகிறது. ஆனால் இது கேள்விக்குப் பதிலே இல்லை.

அனுப்பிரியா பதிலுக்குக் காத்திருந்தால் நானும் காத்திருக்க வேண்டிவரும். அவள் காத்திருக்கவில்லை.

7

சின்னதை அணைத்து, உறைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்தாள். தோளில் மாட்டிப் பார்த்தாள். கனம்தான், ஆனால் அவள் தோள் தாங்கியது. டீயோடு மேலே வந்த ராஜமாணிக்கத்திடம் அப்பா கொடுத்தனுப்பிய பணத்தை எண்ணிக் கொடுத்தாள். அந்த மூச்சுக்காக எடுத்தாளா, சந்தேகத்துக்காக எடுத்தாளா? மாடிப்படி இறங்கும்போது அவளுக்கே அது தெரியவில்லை. ஸ்ரீதர்மேல் அவளுக்குக் கோபம் வந்தது அதற்காகத்தான். ஒரு கருவியைக் காதால் மட்டும் கேட்டு வாங்க முடியாமல் போய்விட்டதே.

ஸ்ரீதர் ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போ, கல்யாணத்தன்று சீரோடு வைத்துக்கொள்ளலாம் என்றான். அவள் நின்றாள்.

"கட்டில் சீர்ல வரட்டும் மாமா. பீரோவும் வரட்டும். இது வராது. இது இப்பவே என்கூட பஸ்ல வருது."

அதற்கு ஸ்ரீதர் ஒரு வாக்கியம் சொன்னான். அதை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் காப்பாற்றிவிடுவேன். இத்தனை பக்கம் பழகியதில் எனக்கு அவன்மேல் கொஞ்சம் பிரியம் வந்துவிட்டது. நீங்கள் கல்யாணம் ஆனவரானால் உங்களுக்குச் சொல்லப்பட்டதை எழுதுங்கள். ஆகாதவரானால் கேட்க விரும்புவதை எழுதுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

"..............................................." என்றான் ஸ்ரீதர்.

எதை எழுதினாலும் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். அதைக் கேட்டுவிட்டு அனுப்பிரியா கடலூர் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் பெட்டியை வைத்து, தான் வெளிப்பக்கம் உட்கார்ந்தாள். சனிக்கிழமை பெண்ணாடத்தில் கச்சேரி.