பாக்கலாம் மாஸ்டர்

அந்தத் தெருவில் டெய்லரைப் பெயர் சொல்லிக் கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ‘பாக்கலாம் மாஸ்டர்’ என்று கேட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளைகூடக் கடை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடும். பேன்ட் எப்போது கிடைக்கும் என்றால் பாக்கலாம். கோட்டு அவசரம் என்றால் பாக்கலாம். மனுஷன் பொய்க்காரர் இல்லை. ஒரு தேதியை வாய்விட்டுச் சொல்லித் தவறிவிட்டால் மானம் போய்விடுமே என்கிற பயம், அவ்வளவுதான். தையல் மட்டும் அப்பழுக்கு இல்லாமல் இருக்கும். அதனால் திட்டிக்கொண்டே வருவார்கள், திட்டிக்கொண்டே வாங்கிப் போவார்கள்.

இந்தப் பாழாய்ப்போன வார்த்தைதான் போன வருடம் அவர் தலையில் மண்ணை அள்ளிப் போட்டது.

பிழைக்க வந்த நாட்டில் பதினோரு வருடமாகக் கடை வைத்திருக்கிறார். அவருடைய அக்கா வேறொரு நாட்டில் மகளோடு இருக்கிறாள். தாயில்லாத வீட்டில் அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. ஆப்பரேஷன் செய்தால் சரியாகிவிடும், ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அக்கா கேட்டால்தானே! “தம்பி வந்து பக்கத்துல நிக்கட்டும். அப்புறம் கையெழுத்துப் போடறேன்” என்று ஒரே பிடியாக நின்றாள்.

மூன்று வாரம் போய்வர விசிட் விசா வேண்டும். அக்கா இருக்கும் நாட்டின் தூதரகம் இங்கேயே இருக்கிறது என்று டெய்லர் இங்கேயே விண்ணப்பித்தார். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் அதிகாரி அம்மாள். பக்கத்தில் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில், “எப்போ திரும்பி வருவீங்கன்னு கேக்கறாங்க” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

பழக்கதோஷம் விடுமா? “பாக்கலாம்ங்க” என்றார் நம்மவர், முகமெல்லாம் சிரிப்பாக.

அதை அந்தப் புண்ணியவான் அட்சரம் பிசகாமல் மொழிபெயர்த்துவிட்டார். திரும்பி வருவார் என்று நம்பக் காரணம் இல்லை, ஒரு வருடம் கழித்துத்தான் மறுபடி விண்ணப்பிக்கலாம் என ஒரு தாளைக் கையில் திணித்து அனுப்பிவிட்டார்கள்.

பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி அந்தத் தாளைப் படித்ததும் ஊசியைக் கீழே வைத்தாள். அவள் ஊசியைக் கீழே வைத்தால் வினை என்று அவருக்குத் தெரியும்.

“ஏங்க, உங்க வாய்க்குப் பூட்டுப் போடணுமா, இல்ல வாயையே தைச்சிடணுமா?”

“சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்மா…”

“அங்க உங்க அக்காவுக்குக் கண்ணு போயிட்டிருக்கு. உங்களுக்குப் பேச்சு! இன்னிலேருந்து கடைக்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும் தேதி சொல்றீங்க. அந்த அதிகாரிகிட்டச் சொல்ற மாதிரி சொல்றீங்க.”

முதல் வாரம் மனுஷன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ரசீதில் தேதி எழுதுவதற்குள் காலண்டரை மூன்று தடவை புரட்டுவார். எழுதிவிட்டால் சாப்பாடு இறங்காது. ஆனாலும் சொன்ன தேதிக்குத் தைத்து முடித்தார். ஒரு மாதம், இரண்டு மாதம், அப்படியே ஒரு வருடம் ஓடிற்று. அக்காவோ போனில் எண்களை அழுத்த முடியாமல் மகளை அழுத்தச் சொல்லிப் பேசுகிற நிலைக்கு வந்துவிட்டாள். அந்த வாரமே டெய்லர் இரண்டாம் தடவை விண்ணப்பித்தார்.

நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்னால் பழைய வாடிக்கைக்காரரான டாக்ஸி டிரைவர் ஒருவர் கோட்டுத் துணியோடு வந்தார். மகளுக்குக் கல்யாணம்.

“எப்போ மாஸ்டர் கிடைக்கும்?”

“பா…” என்று வாய் திறந்தது. மனைவியின் கண் நிமிர்ந்தது. “அடுத்த மாசம் இருபத்தஞ்சு. சாயங்காலம் அஞ்சு மணி.”

டிரைவர் பதறிப்போய், “மாஸ்டர், உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றார்.

இந்தத் தடவையும் ஜன்னலுக்குப் பின்னால் அதே அம்மாள், அதே மொழிபெயர்ப்பாளர். டெய்லர் கடை ரசீதுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். இதுவும் போனால் அக்கா கண் அவ்வளவுதான்.

“சொந்த நாட்டுல விண்ணப்பிக்காம ஏன் இங்க வந்தீங்க?”

“என் மெஷினும் என் பொண்டாட்டியும் இங்கதாங்க இருக்கு.”

மொழிபெயர்ப்பாளர் இருமுவதுபோலச் சிரிப்பை மறைத்தார்.

“எப்போ திரும்பி வருவீங்க?”

“அடுத்த மாசம் இருபத்துநாலு.”

“ஏன் இருபத்துநாலு?”

டெய்லர் ரசீதுப் புத்தகத்தை எடுத்து ஜன்னலுக்கு அடியில் தள்ளினார். “இருபத்தஞ்சு சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு கோட்டு தரணுங்க. துணி வெட்டித் தைச்சாச்சு. தோள் பொருத்தறதுதான் பாக்கி, போயிட்டு வந்து முடிக்கணும்.”

“அதை வேற டெய்லர் முடிக்கக் கூடாதா?”

அவருக்குப் பயமெல்லாம் பறந்து கோபமே வந்துவிட்டது. “என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க! அவருக்கு வலது தோள் அரை இன்ச் இறக்கம். இருபது வருஷமா ஸ்டியரிங் பிடிச்ச தோளு. அது என் கைக்குத்தாங்க தெரியும். மக கல்யாணத்துல அவர் கோணலா நிக்கணுமா? தேதி சொல்லிட்டேங்க. நான் வந்துதான் ஆகணும்.”

மொழிபெயர்ப்பாளர் அரை இன்ச்சைக்கூட விடாமல் சொன்னார். அந்த அம்மாள் ரசீதுப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் தேதி, பக்கத்துக்குப் பக்கம் வாங்கிக்கொண்டவர் கையெழுத்து. அவள் புத்தகத்தைத் திருப்பித் தள்ளினாள். பாஸ்போர்ட்டை மட்டும் தன்பக்கம் வைத்துக்கொண்டாள்.

“விசா கொடுத்துட்டாங்க, போயிட்டு வாங்க” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

வெளியே வந்து, வாசலில் ஒப்படைத்த போனை வாங்கியதும் அக்காவைக் கூப்பிட்டார்.

“அக்கா, விசா கிடைச்சிடுச்சு.”

“எப்படா வர்றே? பாக்கலாம்னு மட்டும் சொன்னே, போனை வெச்சிடுவேன்.”

“அடுத்த மாசம் மூணாம் தேதி. காலைல ஆறே கால் மணிக்கு இறங்கறேன்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

“நீயாடா தேதி சொல்றே?” என்றாள். பிறகு போனை வாயிலிருந்து எடுக்காமலே மகளுக்குக் குரல் கொடுத்தாள். “அடியே, அந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் கொண்டா. கையெழுத்து எங்க போடணும்னு விரலை வெச்சுக் காட்டு.”

டெய்லர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“தம்பி” என்றாள் அக்கா, குரல் இறங்கி. “எனக்குப் பயமா இருக்குடா. கட்டு அவுத்ததும் உன் மூஞ்சியைப் பாக்கலாம் இல்ல?”

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“பாக்கலாம்க்கா” என்றார்.