நாற்பது குடத்துப் பரீட்சை

இறால் கூடையைத் தரையில் ஓங்கி வைத்தாள் வேலம்மா. நெசவாளர் தெருவிலிருந்து சேதி சொல்ல வந்த ஆள் படகேறிப் போய்விட்டான். அவள் ஆத்திரம் மட்டும் குடிசைக்குள்ளேயே நின்றது.

"கெணத்தத் தொடாம கெணத்தப் பாக்கணுமாமே! இன்னாய்யா இது, கொயம்ப நாக்குல வெக்காம உப்பு சொல்லணும்ன்ற மாதிரி கீது?"

அவள் புருஷன் எல்லப்பன் தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

பழவேற்காட்டு ஏரித் தீவான பசியாவரத்தில், தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கிற கூட்டத்தில் பிறந்தவன் அவன். மூச்சடக்கி நீருக்கடியில் கிடப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டைக்குப் படகுத்துறை கட்டியபோது, கூலிக்கு மூழ்கியவன் மேலே வந்து, "அடியில கல்ல சும்மா அடுக்கி வெச்சிருக்காங்க, சுண்ணாம்பே இல்ல" என்று உளறிவிட்டான். கோட்டைத் துரை வேறு ஆளை இறக்கிப் பார்த்தார். உண்மைதான். அன்றிலிருந்து கோட்டைச் செலவில் எதைக் கட்டினாலும் எல்லப்பன் பார்த்துச் சரி சொன்னால்தான் சரி. துறை பார்த்தான், மதகு பார்த்தான், வாய்க்கால் பாலம் பார்த்தான். எதற்கும் தீட்டு வரவில்லை. இப்போது கிணறு.

நெசவாளர் தெருமுனையில் ஊர்ப் பொதுவுக்கென்று கோட்டை வெட்டிய கிணறு அது. பொதுவில் பசியாவரம் சேராது என்பதைத் தெருத் தலைவர் சீனிவாசன் தாமாகவே முடிவு செய்துவிட்டார். தீவுப் பெண்கள் வழக்கம்போல ஏரியைக் கடந்து, பழைய குளக்கரையில் குடத்தை வைத்து, யாராவது மனமிரங்கி ஊற்றும்வரை வெயிலில் நிற்க வேண்டியதுதான்.

எல்லப்பன் போனபோது தெருவே கிணற்றடியில் கூடியிருந்தது.

"வேப்பமரத்து மேல ஏறிப் பாத்துட்டு சொல்லிடேன்டா" என்றார் சீனிவாசன்.

"மரத்துலேர்ந்து மரந்தாங்க தெரியும், சாமி. உள்ள எறங்கணும்."

"எறங்கினா தண்ணி தீட்டாயிடுமே!"

"இத்தத் தோண்டுனதே எங்காளுங்கதான். ரெண்டு மாசம் இடுப்பளவு தண்ணியில நின்னாங்க."

"அப்போ அது பள்ளம்" என்றார் சீனிவாசன் சற்றும் தயங்காமல். "மேடை கட்டி பூசை போட்டப்புறந்தான் கெணறு."

நெடுநேரம் ஆலோசித்தார்கள். கூடையில் உட்கார வைத்து இறக்குவது என்று முடிவாயிற்று. கயிற்றின் வழியாகத் தீட்டு ஏறுமா என்று ஒருவர் கேட்டார். நனைந்த கயிற்றில் ஏறும், காய்ந்த கயிற்றில் ஏறாது என்று பூசாரி தீர்ப்புச் சொன்னார். பிறகு நிழல். அவன் நிழல் தண்ணீரில் விழக் கூடாதாம். அதனால் மேகம் வந்து சூரியனை மறைக்கும்வரை எல்லோரும் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சித்திரை மாதம். மேகம் வர மத்தியானமாகிவிட்டது.

"மூச்சு விடாதே! தண்ணி மேல படும்" என்று மேலிருந்து கத்தினார்கள்.

அது ஒன்றுதான் எல்லப்பனுக்குச் சுலபமாக இருந்தது.

கைகளை மார்போடு கட்டியபடி கருவாட்டுக் கூடைபோல் அவன் தொங்கினான். நல்ல செங்கல், நல்ல பூச்சு. கீழே கறுப்பாகப் பளபளத்தது தண்ணீர். தொண்டை வறண்டிருந்தது. கையை நீட்டினால் எட்டும். வெட்கமா கோபமா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று அவன் கண்களில் நீராய் முட்டியது. அதுவும் கீழே விழுந்து தொலைக்கப் போகிறதே என்று அவசரமாக அண்ணாந்துகொண்டான்.

கோட்டைக்குப் போய், துரைக்கு மொழிபெயர்த்து எழுதும் துபாஷி சாலமனிடம் உள்ளதை உள்ளபடி சொன்னான்.

"கண்ணு பாத்துச்சு. கை பாக்கல, நாக்கு பாக்கல. அப்டியே எழுதிக்கங்க, ஐயா."

சாலமன் அப்படியே எழுதினார். துரை படித்துவிட்டு, பரீட்சை முடியவில்லை என்று கிணற்றை மூடிப் பூட்டச் சொன்னார். மறுநாளே பலகை போட்டுச் சங்கிலி கட்டினார்கள்.

பத்தாம் நாள், தெருவும் நம்பியிருந்த பழைய குளம் சேறாகிவிட்டது. பதினோராம் நாள் சீனிவாசன் பசியாவரத்துக்கே படகில் வந்தார். கரையில் மட்டும் கால் வைக்கவில்லை. படகில் நின்றபடியே கும்பிட்டார்.

"நைனா எல்லப்பா! எறங்கு, தொடு, குடி, இன்னா வேணா பண்ணிக்கோ. நாங்க அப்புறமா சுத்தி பண்ணிக்கறோம்."

"நான் எறங்குறது பத்தாதுங்க, சாமி. நாப்பது கொடம் எறைச்சி, ஊத்து திரும்ப ஏறுதா, உப்பு கலக்குதானு பாக்கணும். ஏரிக்கரை பூமி ஆச்சே."

"எங்க வூட்டுப் பொம்பளைங்க எறைப்பாங்க."

"பரீட்சை முடியாம தெருக்காரங்க தொடக் கூடாது. கோட்டை உத்தரவு."

சீனிவாசன் தலையாட்டிவிட்டுப் படகைத் திருப்பச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் நாற்பது தீவுப் பெண்கள் நாற்பது குடங்களோடு வந்து இறங்கினார்கள். எல்லப்பன் குதித்து, சுவரைத் தடவி, அடிக்கல்லைத் தட்டி, வயிறு முட்டக் குடித்துவிட்டு ஏறினான். பிறகு பெண்கள் ஒவ்வொருவராக இறைத்தார்கள். தெரு முழுக்க வாசலில் நின்று, வறண்ட உதட்டை நக்கியபடி எண்ணியது. நாற்பதும் படகேறின. ஊற்று மெல்ல ஏறிப் பழைய மட்டத்துக்கு வந்தது.

தீட்டுக் கழிக்கப் பூசாரி செம்போடு வந்தார். செம்பு காலி. தெருவில் ஒரு வீட்டிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. சற்று யோசித்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் அந்தக் கிணற்றிலேயே ஒரு செம்பு மொண்டு, மந்திரம் சொல்லி, அந்தக் கிணற்றிலேயே தெளித்தார். கிணறு சுத்தமாகிவிட்டது.

"சரினு எழுதிடலாமா?" என்று காகிதத்தை விரித்தார் சாலமன்.

எல்லப்பன் மனைவியைப் பார்த்தான். வேலம்மா ஒரு கை அள்ளிக் குடித்தாள். கண்ணை மூடி நாக்கைச் சப்புக்கொட்டினாள். தெருவே அவள் வாயைப் பார்த்து நின்றது.

"உப்பு கீற மாதிரியும் கீது, இல்லாத மாதிரியும் கீது" என்றாள் நிதானமாக. "அடுத்த வெள்ளிக்கெயமையும் வந்து பாத்துடுறோம்."