பதினேழாம் எண்

ஊசிக் காதைத் தேடி நூல் இடமும் வலமும் தடவிக்கொண்டிருக்கிறது, சவரிநாதன் எச்சில் தொட்டு முறுக்கிப் பார்க்கிறார், ரயில்வே பணிமனையில் முப்பத்தாறு வருடம் இரும்போடு மல்லுக்கட்டிய கை இந்தத் துளியூண்டு ஓட்டையிடம் தோற்றுப்போகிறது, கொண்டாங்க இப்படி என்று மனைவி தெரசம்மாள் வாங்கி ஒரு நொடியில் கோத்து நீட்டுகிறாள், நீட்டிவிட்டு, நீங்க யாரு, புதுசா வந்த தையல்காரரா என்று கேட்கிறாள். புருஷன் முகம் மறந்துவிட்டது, ஊசி மறக்கவில்லை, என்ன நியாயமோ. அந்த நூல் எதற்கென்று அவளுக்குத் தெரியாது, தெரிந்தால் கோத்துத் தருவாளா.

நாளை அவளைச் சேர்க்கப்போகிற முதியோர் இல்லத்தில் எல்லோர் துணியும் ஒன்றாக வெளுக்கப் போகும், அதனால் ஒவ்வொன்றிலும் கட்டில் எண்ணைச் சிவப்பு நூலால் தைத்துக் கொண்டுவர வேண்டும், அவளுக்குப் பதினேழு. இரண்டு முறை தண்டவாளம் வரை போய்விட்டவளை எழுபத்தெட்டு வயதில் அவரால் ஓடிப் பிடிக்க முடியவில்லை, இல்லம் தேடி அலைந்தார், முதல் இடத்தில் வாசலைத் தாண்டிப் போறவங்களை வச்சுக்க மாட்டோம் சார் என்றார்கள், இரண்டாவதில் பட்டப்பகலில் வெளியே பூட்டிய அறை, உள்ளிருந்து யாரோ தட்டிக்கொண்டே இருந்தார்கள், மூன்றாவதில் சிஸ்டர் நல்லவர், ரெண்டு பேருமே வந்துடுங்களேன் அய்யா என்றார், மாதத் தொகையையும் சொன்னார், முன்பணத்துக்கே வாங்கிப் போட்டிருந்த காலி மனை போய்விடும், பென்ஷன் ஒரு கட்டிலுக்குத்தான் வரும். ஒண்ணு போதும் சிஸ்டர், எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன் என்று சிரித்துவிட்டு வந்தவர் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதார்.

பாவாடையில் ஒன்று, ரவிக்கையில் ஒன்று, அவள் கோத்துத் தரத் தர அவர் தைக்கிறார், தைக்கத் தைக்க கல்யாணமான புதிது ஞாபகம் வருகிறது, ஜன்னலோரம் பல்லில் நூலைக் கடித்தபடி அவருடைய நீலச் சட்டையின் தேய்ந்த காலரைப் பிரித்துத் திருப்பித் தைக்கிறாள், இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாங்க என்கிறாள், தண்ணீர் காய்கிறது, ஷிப்ட் சங்கு ஊதுகிறது, அவர் கை மட்டும் இங்கே பதினேழு பதினேழு என்று போய்க்கொண்டே இருக்கிறது.

மறுநாள் இல்லத்தில் மூட்டையைப் பிரித்த பணிப்பெண், ஆம்பளச் சட்டை ஒண்ணு வந்திருக்கு சார் என்றாள், அவள் பெட்டியடியில் இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்த அதே நீலச் சட்டை, கழுத்தடியில் சிவப்பாகப் பதினேழு, எப்போது தைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. அசடு வழியக் கையை நீட்டினார், தெரசம்மாள் வெடுக்கென்று பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள், தர மாட்டேன், எங்க வீட்டுக்காரரோடது, ஷிப்ட் முடிஞ்சு வந்தா மாத்திக்க வேணும், கோவிச்சுக்காதீங்க. சரிம்மா, அவரு வந்தா குடுங்க என்றார் சவரிநாதன்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் காலண்டர் ஓரத்தில் ஊசி குத்தியிருக்கிறது, காலையில் கிளம்பும்போது கேட்காமலே அவள் கோத்துக் கொடுத்தது, சிவப்பு நூல் ஒரு முழம் தொங்குகிறது. போட்டிருக்கும் சட்டையில் பொத்தான் ஒன்று விழப் போகிறது, ஊசியை எடுத்தார், தைத்தால் இந்த நூல் தீர்ந்துவிடும், மறுபடி கோக்க இந்த வீட்டில் ஆள் இல்லை. ஊசியை இருந்த இடத்திலேயே குத்திவிட்டு, பொத்தானைக் கையால் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்.