மர்ஸூக்கின் பெயரில் நின்ற விரல்

1
இந்தக் கதை ஓர் இணையப் பக்கத்தின் கோளாறில் பிறந்தது. சிரிப்பு வந்தால் சிரியுங்கள். ஆள் பிழைத்துவிட்டார்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'வெள்ளவத்தைக் கடலுக்குமேல் இருண்டு வந்த' (வேண்டாம். அன்று நல்ல வெயில்.)

2
பைறோஸா வெள்ளவத்தையில் இணையப் பக்கங்கள் செய்பவள். பிறந்த இடமான கொட்டாஞ்சேனையின் பள்ளிவாசலுக்கும் ஒன்று செய்து கொடுத்தாள். அதில் பள்ளிவாசலைச் சேர்ந்த ஜமாஅத்தாரின் பெயர்கள் இருக்கும். நிர்வாகி அகீல் ஹாஜியார் தன் போனில் ஒரு பெயரைத் தொட்டால் முகவரி வரும். அழுத்திப் பிடித்தால் அவர் இறந்துவிட்டதாக ஜனாஸா அறிவித்தல் ஊருக்கே போகும். தவறிப் பட்ட விரலையும் நகர்ந்த விரலையும் பக்கம் கணக்கில் எடுக்காது. அசையாமல் நின்றால்தான் மனமறிந்த அழுத்தம். இதை எழுதி முடித்தபோது அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

3
ஒரு மதியம் அவளுடைய போனுக்கே வந்தது: 'ஜனாஸா அறிவித்தல். மர்ஸூக் காலமானார்.'

மர்ஸூக் அவளைப் பெற்ற வாப்பா. நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். (இங்கே அவளை ஒரு பக்கத்துக்கு அழவைத்து, பிறகு அடித்துவிட்டேன். அழ எங்கே நேரம்? அவருடைய எண்ணைத் தேடி அழைத்தாள்.)

"வாப்பாவா?"

"வேற யாரு மகள்? நான் இப்பதான் கஞ்சி குடிச்ச. என்னத்துக்கு எல்லாரும் கோல் எடுத்து அழுற?"

அல்ஹம்துலில்லாஹ். அவள் அலுவலகப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுதிக்கொண்டிருந்த எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

4
பிறகு ஹாஜியாரிடம் கேட்டாள்.

"நான் ஒண்டும் அமத்தல்ல மகள். வாப்பாட பேருல வெரல வச்சி, கண்ண மூடி, சுகமாகட்டும் எண்டு துஆ கேட்ட. அவ்வளவுதான்."

அவர் எதை வாசித்தாலும் குர்ஆன் ஓதுவதுபோல வரிக்கு வரி விரல் வைத்துத்தான் வாசிப்பார். நோயாளிக் கூட்டாளியின் பெயரில் விரல் நின்றுவிட்டது. எவ்வளவு மனமறிந்து நின்றது! பக்கத்துக்குத்தான் அது வேறாகப் பட்டது.

அன்றே அவள் அதை மாற்றினாள். அறிவித்தலுக்குத் தனிப் பொத்தான். ஒருமுறை கேட்டு உறுதிசெய்த பிறகுதான் போகும்.

5
(வாப்பாவைச் சாகடிக்கும் முடிவு ஒன்றும் என்னிடம் இருந்தது. கிழித்துப் போட்டேன். போதும்.)

மாலையில் ஹாஜியார் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலருகே குன்றிப்போய் இருந்தார்.

"இனி அந்தப் பேருல கை வைக்கவே பயமா ஈக்குது மகள்."

பைறோஸா அவருடைய போனிலேயே அந்தப் பெயரை எடுத்துக் கொடுத்தாள். "வைங்க மாமா. எவ்வளவு நேரமும் வைங்க. ஒண்டும் நடக்காது."

"நடக்கும் மகள்," என்றார் கட்டிலில் இருந்த வாப்பா.

ஹாஜியார் விரலை வைத்து, துஆவுக்குக் கண்ணை மூடினார். எவ்வளவு நேரம் என்று நான் எழுதப்போவதில்லை. அவர் விரலை எடுக்கும்போது கதையை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.