நாலு துளை

லண்டன் குட்மேய்ஸில் நித்தியானந்தனைத் தெரியாதவர்களுக்கும் அவருடைய கொட்டிலைத் தெரியும். வீட்டுக்குப் பின்னால், உடுப்புக் காயப்போடுகிற கொடியைத் தாண்டி நிற்கிற அந்த மரக்கொட்டிலுக்குள் முப்பத்தொரு ஜேர்மன் இராணுவத் தொப்பிகள் இருந்தன. எல்லாம் நூறு வயது தாண்டியவை. கறுப்பு வார்னிஷ் பூசிய கெட்டித் தோல், நெற்றியில் பித்தளைத் தகடு, உச்சியில் ஒரு கூர். ஸ்டேஷன் வாசலில் சப்பாத்துத் திருத்துகிற மனிசனுக்கு இது என்ன வேண்டாத வேலை என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரர் விளிம்பு தைக்கத் தந்துவிட்டுப் போன தொப்பி, அவர் திரும்பி வரவேயில்லை. அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

பைத்தியம் என்றாலும் கை சுத்தமான கை. பிரிந்த தையலைப் பழைய ஓட்டைகளுக்குள்ளேயே ஊசி விட்டுத் தைப்பார். பித்தளையைப் பளபளக்கத் தேய்க்கமாட்டார், பச்சைக் களிம்பை மட்டும் எடுப்பார். அதனால் சேகரிப்போர் சங்கத்தில், அத்தனை வெள்ளைக்காரருக்கு நடுவில், ஒரு தொப்பி அசலா இல்லையா என்று சொல்கிற உரிமை இவருக்குத்தான் கிடைத்தது. அந்த உரிமையை அவர் தன் வீட்டு உறுதிக் கடதாசியைவிடப் பத்திரமாக வைத்திருந்தார்.

பிறகு கொட்வின் வந்தான். மன்னார்ப் பெடியன், வெம்பிளியில் வீடு, செத்துப்போனவர்களின் வீடுகளைத் துப்புரவாக்கிச் சாமான் எடுப்பது தொழில். மூன்று வருடத்துக்கு முன் ஒரு தொப்பியோடு கடைக்கு வந்தவன், அண்ணை அண்ணை என்று காலைச் சுற்றினான். சங்கத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனதும் இவர்தான். போன மூன்றாம் மாதமே அங்கே எல்லோரும் கொட்வினைத் தேடத் தொடங்கினார்கள். பகிடி விடுவான், தின்னப் பற்றிஸ் கொண்டுவருவான், ஆர் கேட்டாலும் தன் வான் வண்டியில் ஏற்றி இறக்குவான். இவர் கால் தேயத் தேடியும் கிடைக்காத சாமான்கள் அவனுடைய கைக்கு நடந்து வந்தன. அவன் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டும்போது நித்தியானந்தன் சிரித்தார். வயிறு எரிந்துகொண்டுதான் சிரித்தார்.

மாசி மாதக் கூட்டத்துக்கு அவன் கொண்டுவந்தது ஸ்ற்றெலிற்ஸ் தொப்பி. ஸ்ற்றெலிற்ஸ் பழைய ஜேர்மனிக்குள் ஒரு குட்டி நாடு, அதற்கென்று இருந்தது ஒரேயொரு பட்டாலியன். கதிர் விரித்த நட்சத்திரத் தகடு வைத்த அந்தத் தொப்பியை நித்தியானந்தன் படத்தில் மட்டும் பார்த்திருந்தார். இருபது வருடமாக முப்பத்தொரு தொப்பிக்கும் நடுவில் அதற்கென்று ஓர் இடம் வெறுமையாக விட்டு வைத்திருந்தார். கொட்வினோ அதை ஒரு வீட்டுப் பரணில், கிறிஸ்மஸ் மரப் பெட்டிக்குள் எடுத்தானாம். முதலில் பூச்சாடி என்று நினைத்தானாம். சபை விழுந்து விழுந்து சிரித்தது.

அசலா என்று பார்க்க ஒரு வழி உண்டு. தகட்டுக்குப் பின்னால் இரண்டு வளையங்கள் இருக்கும். அவை தோலைத் துளைத்து உள்ளே வர, சின்னத் தோல் ஆப்பு வைத்து இறுக்கியிருப்பார்கள். தகட்டைக் கழற்றினால் இரண்டே துளைகள் தெரியவேண்டும். கூடுதலாகத் தெரிந்தால் வேறு தொப்பியின் தகட்டை இதில் பூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியானதைச் சங்கத்தில் ஒருவரும் தொடமாட்டார்கள். பழைய ஆப்பு அடிக்கடி கழற்றினால் முறிந்துவிடும் என்பதால் ஒருவர் மட்டும் கழற்றிப் பார்ப்பார், மற்றவர்கள் அவர் வாயைப் பார்ப்பார்கள். அதுதான் அங்கே வழக்கம்.

நித்தியானந்தன் தொப்பியை யன்னலடிக்குக் கொண்டுபோய், முதுகைச் சபைக்குக் காட்டி நின்று தகட்டைக் கழற்றினார். இரண்டு துளைகள். தகடு மூடியிருந்த இடம் மட்டும் நேற்றுப் பூசியதுபோலக் கறுப்பாக, கதிர் கதிராக. நூறு வருடமாக அந்தத் தகடு அந்த இடத்தை விட்டு அசையவேயில்லை. இதைவிட அசல் உலகத்தில் இல்லை. கண் கலங்கிவிட்டது. ஏன் அவனுக்கு, ஏன் எனக்கு இல்லை என்று கேட்டுக்கொண்டே தகட்டைத் திரும்பப் பூட்டினார். திரும்பி நின்று, நாலு துளை இருக்கிறது, சேர்த்துக் கட்டினது என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. கொட்வின் அழுவான், குறைந்தது முகமாவது வாடும் என்று பார்த்தார். அவன் தோளைக் குலுக்கிவிட்டு, பூச்சாடியாகவாவது உதவும் என்றான். சபை அதற்கும் சிரித்தது. வீடு வரும்வரை அந்தச் சிரிப்பு இவருக்கு ஆறவில்லை.

கொஞ்ச நாள் போக அற்ப விலைக்கு அதைக் கேட்டு வாங்கிவிடலாம் என்றொரு எண்ணமும் அவருக்கு இருந்தது. நல்லவர்போல எப்படிக் கேட்பது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, குருத்தோலை ஞாயிறு பின்னேரம், கொட்டில் வாசலில் கொட்வினே வந்து நின்றான். ஒரு கையில் தொப்பி. மற்றக் கையில் தங்கநிற ஸ்ப்ரேயும் சிவப்புச் சாயம் போட்ட, கூட்டுகிற தும்புத்தடியின் தலையும். அவனுடைய கோயிலில் பெரிய வெள்ளிக்குத் திருப்பாடுகளின் காட்சி போடுகிறார்கள், அவன் நூற்றுவர் தலைவன். உரோமப் போர்வீரனுக்கு ஒரு தலைக்கவசம் வேண்டும்.

"எப்பிடியும் போலிதானே அண்ணை, வீணாக் கிடக்கு," என்றான். "கூர்முனையைக் கழட்டிப்போட்டு இந்தத் தும்பைப் பூட்டித் தாங்கோ. முன் தகட்டையும் எடுக்கவேணும், நான் எடுத்தா உடைச்சுப்போடுவன்."

நித்தியானந்தன் தொப்பியை வாங்கிக்கொண்டார். தகடு வந்தால் இரண்டு துளைதான் தெரியும். மூன்று வருடமாகத் தொப்பி தூக்குகிறவனுக்கு எண்ணத் தெரியாதா. நாளைக்கே சங்கம் முழுக்கக் கதை பரவும். இப்போதே உண்மையைச் சொல்லிவிடலாம், சொன்னால் தொப்பி தப்பும். சொன்னால் இருபத்திரண்டு வருடப் பெயர் போகும், தொப்பியும் அவனிடமே இருக்கும். இந்த இரண்டாவதுதான் அவரைக் கூடச் சுட்டது. மனைவி சிவமலர் தேத்தண்ணி வைத்திருப்பா, குடித்துவிட்டு வா என்று அவனை வீட்டுக்குள் அனுப்பினார்.

கதவைச் சாத்தினார். ஆப்பை இழுத்துத் தகட்டை எடுத்தார். அந்தக் கறுப்பு நட்சத்திரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துளைப்பானை எடுத்து, இரண்டு துளைக்கும் பக்கத்தில் இன்னும் இரண்டு போட்டார். தோல்தூள் பொடிப்பொடியாக மேசையில் விழுந்தது. புதுத் துளையின் விளிம்பு வெளிறித் தெரிந்ததால் சப்பாத்து மை தொட்டுத் தடவினார். இத்தனை வருடத்தில் ஒரு பழைய தோலில் அவர் போட்ட முதல் புதுத் துளைகள் அவை.

கொட்வின் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். இவர் தொப்பியை வெளிச்சத்தில் பிடித்து, "பார், நாலு," என்றார்.

அவன் பார்க்கவேயில்லை. ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கிக்கொண்டு, "நீங்கள் சொன்னாக் காணும் அண்ணை, நான் ஏன் பாக்கிறன்," என்றான்.

அதற்குப் பிறகு தும்பைப் பூட்ட உச்சியில் போட்ட ஆறு துளையும் அவருக்குத் துளையாகவே தெரியவில்லை. பொன் பூசுகிற வேலையை அவனே கொடிக்குக் கீழே நின்று செய்தான். போகிற வழியிலேயே அதைப் படம் எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினான். நன்றி நித்தியானந்தன் அண்ணைக்கு என்று கீழே எழுதியும் இருந்தான்.

பெரிய வெள்ளியன்று வராமல் இருக்க ஏலாது என்று அவன் சிவமலரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். மனிசி நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு நின்றா. கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. சிலுவை நட்ட பிறகு கொட்வின் தனியாக முன்னுக்கு வந்தான். பொன் தொப்பியின் மேல் சிவந்த தும்பு நிமிர்ந்து நின்றது. உண்மையாகவே இவர் கடவுளின் மகன் என்று அவன் குரல் உடையச் சொன்னபோது மண்டபத்தில் பாதிப்பேர் அழுதார்கள். அந்தக் கோலத்திலும் அது அவனுக்கு வடிவாகத்தான் இருந்தது. எல்லாம் அழித்த பிறகும், சங்கத்தில் ஒருவரும் மதிக்காத சாமானாக ஆக்கிய பிறகும், நித்தியானந்தனுக்கு அடிவயிற்றில் அதே நெருப்பு எரிந்தது. ஓர் இணுக்கும் குறையவில்லை.

"நல்லகாலம் அது போலி," என்று சிவமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னா. "இல்லாட்டி இப்பிடி வெட்டித் துளைக்க உங்களுக்கு மனம் வந்திருக்குமே."

"அது அசல்," என்றார் நித்தியானந்தன். வாய் தவறி வந்ததா, தாங்காமல் வந்ததா, அவருக்கே தெரியாது.

அவ திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்தா. "பிறகேனப்பா துளைச்சனீங்கள்?"

"அவன்ரை சாமான் எண்டபடியால்."

 சிவமலர் மடியில் இருந்த கைப்பையை எடுத்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தா.